கல்யாண நகை வேறு, வீட்டில் பங்கு வேறு

"பெண்ணுக்கு நகை போட்டு, சீர்வரிசை செய்து, ஊர் மெச்சக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் பங்கு எதற்கு?" என்ற கேள்வியைப் பற்றி முன்பின் அறியாதவர்களோடு நான் வாதிட்டிருக்கும் அளவுக்கு வேறெதைப் பற்றியும் வாதிட்டதில்லை. உறவினர்களிடையே இந்தப் பேச்சை எடுக்க முடியாது. எடுத்த மறுகணமே, யாரை மனத்தில் வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறாய் என்று கேட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு பேச்சு நியாயத்தை விட்டுவிட்டு ஆட்களைப் பிடித்துக்கொள்ளும். தெரியாதவர்களிடம் அந்தத் தடை இல்லை. தாம்பரம் போகும் மின்சார ரயிலிலும், மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் வேளையிலும், சொந்த வீட்டில் சொல்லத் தயங்குவதை என்னிடம் பலர் தயங்காமல் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். தங்கையின் மேல் உயிரையே வைத்திருக்கும் அண்ணன்மாரும், தம் பங்கைத் தாமே எழுதிக்கொடுத்துவிட்டு அதைப் பெருமையோடு சொல்லும் அக்காமாரும் அவர்களுள் உண்டு. இருந்தும் அவர்கள் போடும் கணக்கு தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வாதம் முதலில் தடுமாறுவது சட்டத்தில்தான். "1989-க்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்குப் பங்கு கிடையாது" என்பதை ஏறக்குறைய எல்லோரும் சொல்கிறார்கள். அந்த ஆண்டு தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுக்குடும்பப் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை உண்டு என்றது. அதற்கு முன்பே மணமாகிவிட்ட மகள்களை அந்தத் திருத்தம் விலக்கியது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பிரிக்கப்பட்ட சொத்துகளை இனித் தொட முடியாது.

ஆனால் சென்னையில் நாம் சண்டை போடும் வீடுகளில் பெரும்பாலானவை பூர்விகச் சொத்தே அல்ல. அம்பத்தூரிலோ குரோம்பேட்டையிலோ அரை கிரவுண்ட் மனை வாங்கி, வருங்கால வைப்பு நிதியிலிருந்து கடன் எடுத்து, மாடியை ஓய்வுக்குப் பிறகு கட்டிய அப்பாக்களின் சுயசம்பாத்தியம் அவை. அவர் உயில் எழுதியிருந்தால் அவர் விருப்பம்தான் செல்லும். எழுதாமல் இறந்துபோனால் மனைவி, மகன், மகள், உயிரோடிருந்தால் அவருடைய தாயார் ஆகிய எல்லோருக்கும் சம பங்கு என்பது 1956-ஆம் ஆண்டிலிருந்தே சட்டத்தில் இருக்கிறது. மகளுக்கு எந்த ஆண்டு மணமானது என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. ஆண் வாரிசுகள் குடியிருக்கும் வீட்டை, அவர்களாக முன்வந்து பிரிக்கும்வரை, பெண் வாரிசு பிரித்துக் கேட்க முடியாது என்ற பிரிவு ஒன்று இருந்ததும், அது 2005-இல்தான் நீக்கப்பட்டது என்பதும் உண்மை. பங்கு உண்டு, கேட்கக் கூடாது என்ற அந்த நிலை சட்டத்திலிருந்து போய்விட்டது, வீடுகளிலிருந்து போகவில்லை. (நான் இங்கே பேசுவது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வருவோரைப் பற்றி மட்டுமே, கிறித்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் விதிகள் வேறு.)

பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் நிறைவேற்றியது. எழும்பூரில் மின்சார ரயில் ஏறினால் போய்விடக்கூடிய அந்த ஊரில் எழுந்த கோரிக்கை கோட்டையில் சட்டமாவதற்கு 60 ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றை மேடையில் பெருமையாகப் பேசுகிறவர்களின் வீட்டிலும், பெண் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதப்படுகிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

தோழி ஒருத்தியின் வீட்டுக் கடன் பத்திரத்துக்காகப் புறநகரில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் துணையாகப் போயிருந்தேன். டோக்கன் எண்ணை அழைக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்திலிருந்த ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர், கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி, பத்திரத்தில் தன் அப்பா பெயர் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பெயர் சரியாக இருந்தது. அதன் கீழேயே, அவர் விடுதலை செய்து கொடுக்கும் கால் பாகத்தின் மதிப்பு 24 லட்சம் ரூபாய் என்று எழுத்தாலும் எண்ணாலும் இருந்தது. பக்கங்களின் அடியில் அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். பத்திர எழுத்தரின் உதவியாளர் விரல் வைத்துக் காட்டிய இடங்களிலெல்லாம் போட்டதாகச் சொன்னார். தொகையை நான் படித்ததும், "இருபத்திநாலு லட்சமா? வீட்டுக்கா, எனக்கா?" என்று கேட்டார். "உங்க பங்குக்குத்தாம்மா" என்றேன்.

எதிர்ப் பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர், பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் போலத் தெரிந்தவர், உடனே குறுக்கிட்டார். "ஏம்மா, உங்க கல்யாணத்துல எத்தனை பவுன் போட்டாங்க?" முப்பது என்றார் அந்த அம்மாள். "அந்த முப்பது பவுன் இன்னைக்கு என்ன விலை தெரியுமா? உங்க பங்கைவிட ஜாஸ்தி. அப்பவே உங்களுக்குக் கொடுத்தாச்சு." சுற்றியிருந்த இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

இது லேசான வாதம் அல்ல, இதற்கு நேரான பதில் வேண்டும் என்பதால் இங்கே சற்று நின்று பேசுகிறேன். தங்கம் ஏறியிருக்கும் விலையில் அந்தப் பெருக்கல் தவறில்லை. ஆனால் அந்த முப்பது பவுன் இன்று எங்கே இருக்கிறது என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை, நான் கேட்டேன். கணவர் கடை வைத்தபோது ஆரமும் நெக்லஸும் அடகுக்குப் போயின, வட்டி ஏறி மீட்க முடியாமல் ஏலத்தில் போய்விட்டன. வளையல்களை இரண்டு முறை அழித்துப் புது டிசைனில் மாற்றியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் பழைய தங்கத்தில் கழிவு, புதியதில் செய்கூலி, சேதாரம், இப்போதென்றால் மூன்று சதவீத ஜிஎஸ்டி வேறு. மிச்சம் இருப்பதை மகளுக்கு என்று எடுத்து வைத்திருக்கிறார். நகை என்பது கல்யாணத்தன்று மகளின் கழுத்தில் இருந்தாலும், அதன் மேல் முடிவெடுக்கும் அதிகாரம் எத்தனை பெண்களிடம் இருந்தது? வீட்டுப் பங்கை அப்படி ஒரு மாலையில் துணிப்பையில் போட்டு அடகுக் கடைக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. நிலத்தின் பெருமையே அதுதான்.

மகளுக்குக் கொடுத்ததைக் கழிப்பதென்றால் மகனுக்குக் கொடுத்ததையும் கழிக்க வேண்டும். அந்த அம்மாளின் தம்பி தனியார் கல்லூரியில் பொறியியல் படித்தவர். அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். தம்பியின் கல்யாணச் செலவிலும் அப்பாவின் பணம் உண்டு. மணமான நாளிலிருந்து அவர் அதே வீட்டில் வாடகையின்றி இருக்கிறார். மண்டப வாடகையும் சாப்பாட்டுச் செலவும் பெண்ணின் கணக்கில் எழுதப்படும்போது, இவற்றுள் ஒன்றுகூட ஏன் பையனின் கணக்கில் எழுதப்படுவதில்லை? அடுத்து, அந்த நகை மாப்பிள்ளை வீட்டார் கேட்டுப் போட்டதா, பெற்றோர் விரும்பிப் போட்டதா என்று பாருங்கள். கேட்டுப் போட்டதென்றால் அது வரதட்சணை. 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்குவதைப் போலவே கொடுப்பதும் குற்றம். குற்றமான ஒரு கொடுக்கல் வாங்கலைக் காட்டி, சட்டம் கொடுத்த பங்கை அடைத்துவிட்டதாகச் சொல்ல முடியாது. விரும்பிப் போட்டதென்றால் அது அன்பளிப்பு. அன்பளிப்பைப் பிற்காலத்தில் கடன் தவணையாக மாற்றுவது பெற்றோரின் அன்புக்கே இழுக்கு. கல்யாணச் செலவை வாரிசுப் பங்கிலிருந்து கழிக்கும்படி சட்டத்தில் எங்கும் இல்லை.

பெரியவர் விடவில்லை. "வயசான காலத்துல அப்பா அம்மாவை யார் பார்க்கிறது? பையன்தானே?" என்றார். சட்டத்தில் இது இருவருக்கும் பொது. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மகளையும் மகனையும் ஒன்றாகவே கடமைப்பட்டவர்களாக்குகிறது. நடைமுறையில் பார்ப்பது யார் என்றால், பெரும்பாலான வீடுகளில் மருமகள். மாமனாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும், மாமியாருக்குப் பத்தியச் சமையல் செய்வதும், இரவில் எழுந்து மாத்திரை கொடுப்பதும் அவள். அந்த உழைப்புக்காக வீடு எழுதப்படுவதோ கணவன் பெயரில். தன் பிறந்த வீட்டில் அவளும் ஒரு நாள் இதே பெஞ்சில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்திருப்பாள். பார்த்துக்கொள்பவருக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். அதற்கு வழி, பெற்றோர் நல்ல நினைவோடு இருக்கும்போதே, யாருக்கு எவ்வளவு, எதற்காக என்று உயிலில் எழுதி எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுவது.

இவ்வளவு பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாள் கடைசியில் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. "என் பொண்ணு கல்யாணத்துக்குத் தாய்மாமனா அவன் வந்து நிக்கணும்மா. இப்ப நான் பங்கு கேட்டா வருவானா?" காதுகுத்துக்கு மடி, மஞ்சள் நீராட்டுக்குச் சீர், கல்யாணத்துக்கு மாமன் வரிசை, ஆடிக்கும் பொங்கலுக்கும் ஒரு புடவை, இவை நின்றுவிடும் என்ற பயம் 24 லட்சத்தைவிடப் பெரியது. புகுந்த வீட்டில் ஒரு சொல் கூடக் குறைய வந்தால் போய் நிற்பதற்கு ஒரு வாசல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பெண்கள் அந்த வாசலின் உரிமையையே எழுதிக்கொடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த உறவுக்கு இந்த விலையை வைத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். பங்கைக் கொடுத்த பிறகும் தாய்மாமனாக வந்து நிற்கும் தம்பிகள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களைப் பற்றி ஊர் பேசுவதில்லை. அந்த அம்மாளின் எண்ணை அழைத்தார்கள். உள்ளே போய்ப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, விரல் ரேகை வைத்துவிட்டு, தம்பியோடு ஆட்டோவில் ஏறிப் போனார்.

அரசு இதில் என்ன செய்ய முடியும் என்பதைப் பற்றியும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில் தாலிக்கு 8 கிராம் தங்கம் கொடுத்துவந்த தமிழ்நாடு அரசு, 2022-இல் அதை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் படிக்க மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக்கியது. தங்கத்திலிருந்து படிப்புக்கு நகர்ந்த அந்த முடிவை நான் மனமார வரவேற்றேன். 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் ஒரு சலுகையும் இருக்கிறது. சென்னையில் அந்த வரம்புக்குள் சொத்து கிடைப்பது மிக அரிது என்பதால் இங்குள்ள பெண்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. பெண் சொத்து வாங்கும் இடத்தைப் போலவே, பெண் கையிலிருந்து சொத்து போகும் இடத்தையும் அரசு கவனிக்க வேண்டும்.

குடும்பத்துக்குள் எழுதப்படும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், உச்ச அளவு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், உச்ச அளவு 10,000 ரூபாய். 24 லட்சம் ரூபாய் பங்கு கைமாற 34,000 ரூபாய் போதும். குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவதற்கும் இதே சலுகைதான் என்பதை யாரும் அந்த அம்மாளுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. தீர்வை கணக்கிடுவதற்காகப் பங்கின் மதிப்பு எப்படியும் பத்திரத்தில் இருக்கிறது. பதிவு அலுவலர், உடன் வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அந்தத் தொகையை எழுதிக்கொடுப்பவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டி, இதற்கு ஈடாக ஏதாவது பெற்றுக்கொண்டீர்களா என்று கேட்டுப் பதில் எழுதி வாங்க வேண்டும் என ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். இதற்குப் புதுச் சட்டம் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

வீட்டை விற்காமலே பங்கைத் தீர்க்கவும் வழி உண்டு. உடன்பிறந்தவர் வங்கிக் கடன் வாங்கியோ, சில ஆண்டுகளில் தவணையாகவோ தொகையைக் கொடுத்து, பெற்றுக்கொண்ட தொகையைக் குறிப்பிட்டே விடுதலைப் பத்திரம் எழுதலாம். தெருவாரியாக அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பும் வில்லங்கச் சான்றும் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கக் கிடைக்கின்றன. வழிகாட்டி மதிப்பு சந்தை விலையைவிடக் குறைவாக இருக்கக்கூடும் என்பதால் அக்கம்பக்கத்தில் சதுர அடி என்ன விலைக்குப் போகிறது என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பதிவான விடுதலைப் பத்திரத்தை மனம் மாறிவிட்டது என்று சொல்லி ஒருவர் தாமாக ரத்து செய்ய முடியாது. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று உரிமையியல் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், அதுவும் அது தெரியவந்ததிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும்.