ஏழாம் வகுப்பில் தலையாட்டி பொம்மை செய்து பார்த்தோம்

ஏழாம் வகுப்பு அறிவியலில் ஈர்ப்பு மையம் வரும், அதாவது ஒரு பொருளின் மொத்த எடையும் குவிந்திருப்பதாக வைத்துக்கொள்ளும் புள்ளி. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை உதாரணமாகச் சொல்வோம். கரும்பலகையில் ஒரு படம் போட்டு, அடியில் ஒரு புள்ளி வைத்து, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். பல வருடம் நானும் அப்படித்தான் நடத்தினேன். இந்த வருடம் வீட்டுப் பரணில் கிடந்த ராஜா பொம்மையைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். சாயம் உதிர்ந்து, கிரீடத்தின் நுனி உடைந்த பழைய பொம்மை. இருபத்தெட்டுப் பிள்ளைகளும் வரிசையாக வந்து ஆளுக்கொரு தட்டு தட்டிப் பார்த்தார்கள். வரிசை முடிந்ததும் சிலர் மறுபடி கடைசியில் போய் நின்றுகொண்டார்கள்.

"இத நாமளே செய்ய முடியுமா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

எங்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியர் கிடையாது. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் கைவேலைக்கு என்று அட்டவணையில் இருக்கும். பெரும்பாலும் வேறு பாடம் அதை எடுத்துக்கொள்ளும். சரி, செய்துதான் பார்ப்போமே என்று ஆரம்பித்தோம். ஜூலையில் தொடங்கியது அக்டோபர் வரை போனது. அவ்வப்போது நோட்டில் குறித்து வைத்ததை இங்கே எழுதுகிறேன். வகுப்பில் செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு உதவும்.

முதலில் பொம்மையைப் பற்றி. தஞ்சாவூரில் இரண்டு வகை உண்டு. தலை, உடம்பு, பாவாடை எல்லாம் தனித்தனியாக ஒன்றின் மேல் ஒன்று கம்பி முனையில் உட்கார்ந்து ஆடும் நாட்டியப் பொம்மை ஒன்று. அடிப்பாகம் உருண்டையாக, கனமாக இருந்து, சாய்த்தால் எழுந்துகொள்ளும் ராஜா ராணி இன்னொன்று. அடியில் களிமண், மேலே காகிதக் கூழ். 2008-09இல் தஞ்சாவூர் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாங்கள் எடுத்துக்கொண்டது இரண்டாவது வகை.

ஜூலை, முதல் இரண்டு வாரம்: கூழ்

பழைய செய்தித்தாள் இரண்டு கிலோ சேர்ந்தது. வழவழப்பான வார இதழ்த் தாள்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டோம். அது எவ்வளவு ஊறினாலும் கரையாது. தாளைப் பொடிப்பொடியாகக் கிழித்து வாளியில் இரண்டு நாள் ஊறவிட்டோம். கிழிப்பதுதான் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அரசியல்வாதி படம், சினிமா விளம்பரம், கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் ஒரே வாளிக்குள் போனது.

பசைக்கு மைதா காய்ச்சினேன். அந்தக் காலத்தில் மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது. அதனால் வெறும் மைதாதான். கூழைப் பிசைந்து, மாதிரிக்கு நான்கு கிண்ணம் செய்து ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனோம். திங்கட்கிழமை வந்து பார்த்தால் இரண்டில் சாம்பல் நிறப் பூஞ்சை. மற்ற இரண்டின் விளிம்பை எலி கடித்திருந்தது.

இதைப் பார்த்துவிட்டுச் சத்துணவு சமைக்கும் அக்கா சொன்னார்: "வெந்தயம் போட்டு அரைக்கணும் டீச்சர். எங்க மாமியா கூடைக்கு அப்படித்தான் மெழுகுவாங்க."

எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. என் பாட்டி வீட்டு முறத்தில் இருந்த சாம்பல் நிறப் பூச்சு அதுதான்! மூங்கில் முறத்தின் இடுக்கில் தானியம் சிக்காமல் இருக்கவும், பூச்சி அரிக்காமல் இருக்கவும் காகிதத்தையும் வெந்தயத்தையும் சேர்த்து அரைத்துப் பூசுவார்கள். பானையைக் கவிழ்த்து அதன் மேல் கூழை அப்பி, காய்ந்ததும் கழற்றி, கூடையாகவே வைத்துக்கொள்வதும் உண்டு. ஊறிய வெந்தயத்தில் வரும் கொழகொழப்புதான் பசை. கசப்பு, பூச்சியை அண்டவிடாது.

கணக்கு இதுதான்: ஒரு கிலோ காகிதத்துக்கு நூறு கிராம் வெந்தயம். முதல்நாள் இரவே ஊறவைக்க வேண்டும். காகிதத்தைத் துணியில் போட்டுப் பிழிந்துவிட்டு, இரண்டையும் சேர்த்து அரைக்க வேண்டும். அக்கா வீட்டு ஆட்டுக்கல்லில் இரண்டு மணி நேரம் ஆனது. பூரி மாவு பதத்துக்கு வந்தது. கையில் ஒட்டவில்லை, அழுத்தினால் விரல்ரேகை பதிந்தது. அந்தக் கூழில் செய்த கிண்ணத்தை எலி தொடவே இல்லை. ஆனால் இதையும் ஈரமாக மூன்று நாளுக்கு மேல் வைக்கக் கூடாது, புளித்து நாறும். அரைத்த அன்றே கை வைத்துவிட வேண்டும்.

ஜூலை கடைசி: அடிப்பாகம்

இங்கேதான் மாட்டிக்கொண்டோம். இதில்தான் பிள்ளைகள் அதிகம் கற்றுக்கொண்டார்கள் என்றும் சொல்வேன்.

முதலில் கொட்டாங்குச்சி. உருண்டையாக இருக்கிறதே, செலவும் இல்லையே என்று எடுத்தோம். கண் இருக்கும் பாதியில் மூன்று மேடு இருப்பதால் அது ஒரு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. மறு பாதி நுனியில் லேசாகக் கூர்ந்திருந்தது. தள்ளினால் ஆடும், ஆனால் நேராக நிற்காது. விட்டுவிட்டோம்.

அடுத்து பிளாஸ்டிக் பந்து. ஏழு சென்டிமீட்டர் விட்டம் உள்ள பந்தை இரண்டாக அறுத்து அச்சாக வைத்துக்கொண்டோம். முதலில் பந்தின் வெளிப்பக்கம் காகிதத்தை ஒட்டினோம். சுருக்கம் சுருக்கமாக வந்தது. அப்புறம் உள்பக்கம் தேங்காய் எண்ணெய் தடவி, உள்ளே ஒட்டினோம். கழற்றியபோது வெளிப்பக்கம் முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருந்தது. இந்த ஒரு மாற்றத்தால் வேலை பாதியாகக் குறைந்தது.

இப்போது உள்ளே கனம் வேண்டும். என்ன போடலாம் என்று பிள்ளைகளிடமே விட்டேன். சிலர் மணல் போட்டார்கள், சிலர் கூழாங்கல். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் தன் கோலிகுண்டு பன்னிரண்டைப் போட்டு மேலே அட்டை வைத்து மூடினான். அதன் மேல் ஒரு சின்ன உடம்பு, தலை. பார்க்க நன்றாகவே இருந்தது. தட்டினான். விழுந்தது. எழவில்லை. தூக்கி நிறுத்தினான், மறுபடி விழுந்தது. "அடியில வெயிட்டுதான டீச்சர் போட்டேன்? புக்குல அப்படித்தான போட்டிருக்கு?" என்றான். அழுகை வரும் போல இருந்தது.

நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். பொம்மையைக் காதோரம் வைத்துச் சாய்த்துப் பார்க்கச் சொன்னேன். கடகடவென்று சத்தம். இரண்டு மூன்று தரம் சாய்த்தவன் நிமிர்ந்து பார்த்தான். "கோலி ஓடுது! இது சாஞ்சா அதுவும் கூடவே போயிடுது!"

அதுதான் விஷயம். உருண்டைக்குள் கோலி சுதந்திரமாக உருண்டால், பொம்மை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கோலி தரைக்குப் பக்கமாகவே போய் நின்றுவிடும். பொம்மையை இழுத்து நிமிர்த்த எதுவும் இருக்காது. கனம் ஓரிடத்தில் அசையாமல் இருந்தால்தான், சாயும்போது அது மேலே தூக்கப்படும். தூக்கப்பட்டது கீழே இறங்கப் பார்க்கும். அந்த இறக்கம் பொம்மையை நிமிர்த்தும். இத்தனை வருடம் "அடியில் கனம்" என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அசையாத கனம் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அவன் இன்னொரு பொம்மை செய்தான். அதே அளவு, அதே பன்னிரண்டு கோலி. ஆனால் இந்தத் தடவை கூழை வைத்துக் கோலிகளை அடியில் அமுக்கிக் காயவிட்டான். நான்கு நாள் கழித்துத் தட்டினான். சாய்ந்தது, நின்று யோசித்த மாதிரி இருந்தது, எழுந்தது. வகுப்பே கத்தியது. பக்கத்து வகுப்பிலிருந்து சார் எட்டிப் பார்த்தார்.

ஆகஸ்ட்: களிமண்

எல்லோரிடமும் கோலிகுண்டு இல்லை. களிமண்ணுக்குப் போனோம். வாய்க்கால் கரையிலிருந்து கொண்டு வந்த களிமண்ணைக் காகித ஓட்டுக்குள் திணித்தோம். இரண்டு தப்பு. ஈரமண் பட்டுக் காகித ஓடு ஊறிச் சப்பையாகிவிட்டது. தப்பித்த சிலவற்றில் மண் காய்ந்து சுருங்கி, ஓட்டை விட்டுக் கழன்று, உள்ளே லொடலொடவென்று ஆடியது. மறுபடி கோலிகுண்டுக் கதைதான்.

வகுப்பில் ஒரு பையன் வீட்டில் மண்பாண்டம் செய்கிறார்கள். அதிகம் பேசமாட்டான். அவன்தான் எழுந்து சொன்னான்: "வெறும் களிமண்ணு வெடிக்கும் டீச்சர். மணல் கலக்கணும். வெயில்ல வைக்கக் கூடாது." மறுநாள் அவன் அப்பாவைக் கேட்டுக்கொண்டு வந்து அளவும் சொன்னான். நான்கு பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு சலித்த மணல். அன்று முழுக்க வகுப்பை நடத்தியது அவன்தான். மண்ணைக் குழைப்பது எப்படி, உள்ளே காற்று இல்லாமல் அறைவது எப்படி என்று ஒவ்வொரு பெஞ்சாகப் போய்க் காட்டினான். நான் தண்ணீர் ஊற்றிக்கொடுத்தேன்.

வேலையின் வரிசையையும் தலைகீழாக மாற்றினோம். முதலில் மண். பந்து அச்சில் மண்ணை அடைத்து, மேலே தட்டையாக வழித்து, ஒரு நாள் கழித்துக் கழற்றி, நிழலில் பத்து நாள் காயவிட்டோம். ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்ததால் ஈரச்சாக்கு போட்டு மூடி வைத்தோம். அவசரப்பட்டு வெயிலில் வைத்த மூன்று உருண்டைகள் ஒரே மத்தியானத்தில் பிளந்தன. நன்றாகக் காய்ந்த மண்ணின் மேல்தான் காகிதத்தைச் சின்னச் சின்னத் துண்டாக, மீன் செதில் மாதிரி ஒட்டினோம். பெரிய துண்டாக ஒட்டினால் மடிப்பு விழும். அடியில் ஒரு மடிப்பு இருந்தாலும் பொம்மை அந்த இடத்தில் சாய்ந்து நின்றுகொள்ளும்.

செப்டம்பர்: உடம்பு

கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கூம்பாகச் சுருட்டி மண் உருண்டையின் மேல் ஒட்டி, அதன் மேல் கூழை மெல்லியதாகப் பூசினோம். தலைக்குச் செய்தித்தாளைக் கசக்கி உருட்டி, மேலே கூழ். ஒரு பெண் தலையையும் களிமண்ணிலேயே செய்துவிட்டாள். முகம் அவ்வளவு அழகாக வந்திருந்தது. பொம்மைதான் குப்புற விழுந்து கிடந்தது. அந்தத் தலையைத் தனியாக எடுத்து ஜன்னலில் வைத்திருக்கிறோம், உடைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

ஈரக் கூழோடு நிறுத்திப் பார்த்தபோது பாதிப் பொம்மைகள் விழுந்தன. பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். "காயட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றேன். ஒரு வாரத்தில் கூழின் தண்ணீர் வற்றியதும் ஒன்பது தவிர எல்லாம் எழுந்து நின்றன.

அந்த ஒன்பது ஏன் எழவில்லை? மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் நிறுத்துப் பார்த்தோம். உடம்பை ஒட்டுமுன் அடிப்பாகங்களை நிறுத்துக் குறித்து வைத்திருந்ததால் கழித்துப் பார்ப்பது சுலபம். அடிப்பாகம் எல்லாருக்கும் 140லிருந்து 160 கிராம். எழுந்த பொம்மைகளின் உடம்பு 35 கிராமுக்குள் இருந்தது. விழுந்தவை 40, 45, ஒன்று 58. கூழைத் தடிமனாக அப்பியிருந்தார்கள், இல்லையென்றால் பெரிய கொண்டை, பெரிய தலைப்பாகை வைத்திருந்தார்கள். பிள்ளைகள் தாங்களே ஒரு கணக்குக்கு வந்தார்கள்: அடிப்பாகம் ஐந்து பங்கு என்றால் மேலே ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. உயரமும் பத்து சென்டிமீட்டரைத் தாண்டினால் கஷ்டம். இந்த அளவுப் பந்துக்கு இது பொருந்துகிறது. அப்புறம் ஒன்பது பேரும் உப்புத்தாளை வைத்துத் தேய்த்துத் தேய்த்து எடை குறைத்தார்கள். ஏழு பொம்மை எழுந்தது. மற்ற இரண்டையும் முதலிலிருந்து செய்தோம்.

வழவழப்புக்கு, வருடம் முழுக்கச் சேரும் சாக்பீஸ் துண்டுகளைப் பொடித்து வெந்தயத் தண்ணீரில் குழைத்து இரண்டு கை பூசினோம். சாம்பல் நிறக் கூழ் வெள்ளையாகிவிடும், அதன் மேல் போஸ்டர் கலர் நன்றாக எடுக்கும்.

அக்டோபர்: சாயம்

காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததும் சாயம். நான் ராஜா ராணி என்றுதான் நினைத்திருந்தேன். இருபத்தெட்டில் ராஜா நான்கு, ராணி மூன்று. மீதி எல்லாம் ஊரில் உள்ளவர்கள். தோளில் பையோடு கண்டக்டர் இரண்டு பேர். வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு ஒரு பாட்டி. தலையில் துண்டு கட்டிய நடவு நடும் அம்மா. அந்த அம்மாவின் சட்டை ஆண்கள் சட்டை. வயலுக்குப் போகும்போது எங்கள் பக்கத்துப் பெண்கள் புடவை மேல் போட்டுக்கொள்வது அது. சிவப்புக் கட்டம் போட்ட சட்டை. "எங்கப்பா சட்ட டீச்சர்" என்றாள் செய்தவள். பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை.

செலவு மொத்தம் 640 ரூபாய். அதில் சாயத்துக்கே 400க்கு மேல். வெந்தயம், பந்து, உப்புத்தாள் மீதி.

எல்லோரும் தங்கள் பொம்மையை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கோலிகுண்டுப் பையன் எழுந்து நிற்கும் பொம்மையை எடுத்துக்கொண்டான். எழாத பொம்மையை மட்டும் எடுக்கவில்லை. அதற்கும் சாயம் பூசி, கண் எழுதி, வகுப்பு மேஜையில் படுக்க வைத்திருக்கிறான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இடைவேளையில் வந்து நிறுத்திப் பார்க்கிறார்கள். அது படுத்துக்கொள்கிறது. ஏன் எழ மாட்டேங்குது என்று கேட்டால், அவன் வாயைத் திறக்காமல் பொம்மையை எடுத்து அவர்கள் காதோரம் வைத்து மெதுவாகச் சாய்க்கிறான்.