இருமொழிப் பக்கத்தில் லாங் பண்பு

யாங்கோனில் ஒரு கோயிலின் திருவிழா அறிவிப்பை வலையில் ஏற்றுவதென்றால், பெரியவர்களுக்காகத் தமிழிலும், வீட்டில் தமிழ் பேசினாலும் பர்மிய எழுத்தையே தடையின்றி வாசிக்கும் இளையோருக்காகப் பர்மிய மொழியிலும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டியிருக்கிறது. அத்தகைய பக்கங்களை அமைத்துத் தருபவன் என்ற முறையில், வலைப்பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல்லில் உரிய மதிப்பைப் பெறாத பகுதி, ஓர் உரை எந்த மொழியில் உள்ளது என்பதைச் சொல்லும் லாங் என்னும் பண்பே என்று கருதுகிறேன்.

தொடக்கக் காலத் தமிழ்ப் பக்கங்கள் ஃபாண்ட் என்ற குறிச்சொல்லில் எழுத்துருவின் பெயரைச் சொல்லியே தமிழைக் காட்டின. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எஞ்சியவை பொருளற்ற ரோமன் குறிகளே. 1997 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.0 ஃபாண்டை வழக்கொழியத்தக்கதாக அறிவித்து, லாங் பண்பைச் சேர்த்துக்கொண்டது.

பர்மிய மொழியின் சிக்கல் இன்னும் கடுமையானது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு பர்மிய எழுத்துகளுக்கு ஒதுக்கிய அதே இடங்களில் ஸோஜி என்னும் பர்மிய எழுத்துரு தன் சொந்த முறைப்படி வடிவங்களை அமைத்துக்கொண்டதால், பக்கத்தின் தலையில் யூனிகோடு வடிவமான யூடிஎஃப்-8 என்று எழுதியிருப்பதைக் கொண்டு உள்ளே இருப்பது யூனிகோடா ஸோஜியா என்று உலாவியால் அறிய இயலாது. 2019 அக்டோபர் 1 அன்று மியான்மர் முறைப்படி யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முந்தைய அறிவிப்புகளை மீண்டும் பயன்படுத்துவோர் முதலில் உரையையே மாற்றியாக வேண்டும்; லாங் பண்புக்கு வேலை அதன் பிறகுதான்.

அந்த வேலை சிறியதன்று. லாங் பண்பில் பக்கம் முழுவதற்கும் தமிழைக் குறிக்கும் டிஏ என்றும், பர்மியப் பத்திகளுக்கு மட்டும் பர்மிய மொழியைக் குறிக்கும் எம்ஒய் என்றும் குறித்தால், திரைவாசிப்பு மென்பொருள் பத்திக்கேற்பக் குரலை மாற்றிக்கொள்ள முடிகிறது; மெய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும் பர்மிய வரிகளுக்கு மட்டும், பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் வழியாகக் கூடுதல் வரி உயரம் தரவும் முடிகிறது. சொற்களுக்கிடையே இடைவெளி விடாத அம்மொழியில் வரியை எங்கே மடிப்பது என்பதை உலாவி அகராதி கொண்டு ஊகிக்கிறது. அது தவறும் இடங்களில், இங்கே வரியை மடிக்கலாம் என்று சொல்லும் டபிள்யூபிஆர் குறிச்சொல்லை இடுகிறேன்.

ஆனால் இணையத்தில் கிடைக்கும் வார்ப்புருக்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தைக் குறிக்கும் இஎன் உடனேயே வருகின்றன. அதை யாரும் திருத்துவதில்லை. பக்கம் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதே காரணம்.

பக்கத் தலைப்புக்கான டைட்டில் குறிச்சொல்லுக்குள் வேறு குறிச்சொல் இடம்பெற முடியாது. ஆகவே அங்கே இரு மொழிகளையும் கலந்தால் பிரித்துக் குறிக்க வழியில்லை. நான் தமிழை மட்டும் வைக்கிறேன்.