எதற்காக அழைக்க வேண்டும் என்று ரவுட்டருக்குச் சொல்வது

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து குன்னூர் அலுவலகத்துக்கு 64 கிலோபிட் லீஸ்டு லைன் (எப்போதும் திறந்திருக்கும் வாடகைத் தனி இணைப்பு) இருந்த காலத்தில், அது அறுந்தால் கைகொடுப்பதற்காக ஐ.எஸ்.டி.என். இணைப்பு (தேவைப்படும்போது மட்டும் எதிர்முனையை அழைத்து, அழைப்புக்குக் கட்டணம் கட்டும் டிஜிட்டல் தொலைபேசி லைன்) ஒன்றையும், நெட்வொர்க்குகளை இணைக்கும் சிஸ்கோ ரவுட்டரில் அமைத்திருந்தேன். நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் மரம் சாய்ந்தோ, தொலைபேசிக் கேபிள்கள் சேரும் பில்லர் பெட்டிக்குள் ஈரம் புகுந்தோ லைன் போவது வாடிக்கை. தேயிலை ஏலத்துக்கு முன் சரக்கு விவரம் குன்னூருக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்பதோ மழைக்குத் தெரியாது. மாற்று இணைப்பும் அதே கேபிளில் வந்தால் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும் என்பதால், வேறு கேபிளில் கேட்டு வாங்குவதுதான் இந்த வேலையின் முதல் படி என்பேன்.

பி.ஆர்.ஐ. என்ற அடிப்படை ஐ.எஸ்.டி.என். இணைப்பில் தலா 64 கிலோபிட் கொண்ட இரண்டு பி-சேனல்களும், 16 கிலோபிட் டி-சேனல் ஒன்றும் உண்டு. தரவு செல்வது பி-சேனலில். அழைப்பை ஏற்படுத்துவதும் துண்டிப்பதும் டி-சேனலின் பொறுப்பு. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் இரண்டு கம்பிகள் சுவரில் உள்ள என்.டி.1 என்ற முனைப் பெட்டியில் முடிந்து, அங்கிருந்து நான்கு கம்பிகளாக ரவுட்டருக்கு வருகின்றன. ரவுட்டரில் சுவிட்ச் வகையை (எக்ஸ்சேஞ்ச் பேசும் முறையை) பேசிக்-நெட்3 என்று கொடுத்தால் போதும். அமெரிக்கக் கையேடுகளைப் படித்துவிட்டு ஸ்பிட் எண் (இணைப்பை எக்ஸ்சேஞ்சுக்கு அடையாளம் காட்டும் எண்) கேட்டு எக்ஸ்சேஞ்சுக்கு நடக்க வேண்டியதில்லை. அது அந்த நாட்டுத் தேவை.

அடுத்து 'ஷோ ஐ.எஸ்.டி.என். ஸ்டேட்டஸ்' கட்டளை. முதல் அடுக்கு (கம்பித் தொடர்பு) 'ஆக்டிவ்' என்றும், இரண்டாம் அடுக்கு (அதன் மேல் எக்ஸ்சேஞ்சுடன் நடக்கும் பேச்சு) 'மல்டிபிள் ஃபிரேம் எஸ்டாபிளிஷ்டு' என்றும் காட்டினால் எக்ஸ்சேஞ்ச் வரை வழி சுத்தம். முதல் அடுக்கு 'டீஆக்டிவேட்டட்' என்று வந்தாலும் உடனே லைன்மேனைக் கூப்பிட வேண்டாம். அழைப்பு இல்லாத நேரத்தில் அதை அணைத்து வைக்கும் எக்ஸ்சேஞ்சுகள் உண்டு. ஒருமுறை அழைத்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

அழைப்பு இணைந்த சில நொடிகளிலேயே அறுந்தால் பெரும்பாலும் கோளாறு சாப் சரிபார்ப்பில்தான் (ரவுட்டர்கள் ஒன்றையொன்று கடவுச்சொல்லால் உறுதிசெய்யும் முறையில்) இருக்கும். எதிர்முனை ரவுட்டரின் ஹோஸ்ட்நேம் எதுவோ, அதுவே நம் ரவுட்டரில் யூசர்நேமாக எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். கடவுச்சொல் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி அறுந்த அழைப்புக்கும் கட்டணம் உண்டு என்பதைக் கணக்காளர் மறக்க மாட்டார்.

இதுவரை சொன்னவை அரை நாள் வேலை. எந்தப் பாக்கெட்டுக்காக (தரவுத் துண்டுக்காக) அழைக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் டயலர்-லிஸ்டில்தான் உண்மையான யோசனை தேவைப்படுகிறது. 'ஐ.பி. அனைத்தையும் அனுமதி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், விண்டோஸ் கணினிகள் 137, 138 போர்ட்டுகளில் ஓயாமல் பெயர் கேட்டும் அறிவித்தும் அனுப்பும் பாக்கெட்டுகளும், நேரம் சரிபார்க்கும் என்.டி.பி.யும், பத்து நொடிக்கு ஒருமுறை போகும் ஓ.எஸ்.பி.எஃப். (ரவுட்டர்கள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை) ஹலோவும் சேர்ந்து இரவெல்லாம் இணைப்பைத் தூங்கவிடா. எனவே இவற்றை, டயலர்-லிஸ்ட் பார்க்கும் ஆக்சஸ்-லிஸ்டில் (அனுமதி, மறுப்பு விதிகளின் பட்டியலில்) முதலில் மறுத்துவிட்டு, மீதியைக் கீழே அனுமதிக்க வேண்டும். இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: டயலர்-லிஸ்டில் மறுக்கப்பட்ட பாக்கெட் தடுக்கப்படுவதில்லை. அது தானாக அழைப்பைத் தொடங்காது, வேலையில்லாத அழைப்பை அறுப்பதற்கான, 120 நொடி என்ற இயல்பான ஐடில் நேரத்தைப் புதுப்பிக்கவும் செய்யாது. ஆனால் வேறு காரணத்துக்காக இணைப்பு ஏற்கெனவே திறந்திருந்தால் தாராளமாகக் கடந்து போகும். தடுக்க வேண்டுமானால் இன்டர்ஃபேஸிலேயே தனி ஆக்சஸ்-லிஸ்ட் போட வேண்டும்.

பில் எகிறினால் ஊகத்தில் இறங்காமல் 'ஷோ டயலர்' கொடுத்துப் பாருங்கள். இணைப்பு உயிரோடு இருக்கும்போது 'டயல் ரீசன்' என்ற வரியில், அழைப்பைக் கிளப்பிய பாக்கெட் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்குப் போனது என்று ரவுட்டரே எழுதிக் காட்டும். எடை மேடை அறையிலுள்ள கணினியா, மேலாளர் அறைக் கணினியா என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

லீஸ்டு லைன் போனதும் தானாக மாறுவதற்கு, குன்னூர் நெட்வொர்க்குக்கு பி.ஆர்.ஐ. வழியாக ஒரு ஸ்டேடிக் ரூட் (கையால் எழுதும் நிலையான வழி) எழுதி, அதன் டிஸ்டன்ஸை (மதிப்பு குறைந்த வழிக்கே முன்னுரிமை) 200 என்று வைத்தேன். ஓ.எஸ்.பி.எஃப். வழியின் மதிப்பு 110 என்பதால் அது இருக்கும்வரை ஸ்டேடிக் ரூட் தலைகாட்டாது. நாற்பது நொடி ஹலோ வராமல் போனால் பழைய வழி மறைந்து இது மேலே வரும். போர்ட் 'டவுன்' ஆனால் மட்டுமே மாறும் பேக்கப் இன்டர்ஃபேஸ் முறையைவிட இதையே நான் விரும்புகிறேன். லீஸ்டு லைனின் சீரியல் போர்ட் 'அப்' என்று காட்டிக்கொண்டே எதிர்முனை செத்துக் கிடக்கும் நிலையையும் இது கண்டுகொள்ளும்.

இரண்டாவது பி-சேனலை மல்டிலிங்க் வழியாகச் சேர்த்தால் 128 கிலோபிட் கிடைக்கும், ஆனால் அது இரண்டாவது அழைப்பு, இரண்டாவது கட்டணம். எந்தச் சுமையில் அடுத்த சேனலைத் திறப்பது என்று சொல்லும் லோட்-த்ரெஷோல்டு 1 முதல் 255 வரை போகும். 128 என்றால் ஏறக்குறைய பாதிச் சுமையிலேயே அடுத்த சேனல் திறந்துவிடும். சரக்கு விவரம் போன்ற சிறு கோப்புகளுக்கு ஒரே சேனல் போதும் என்பதால், தொழிற்சாலையில் மல்டிலிங்க் கட்டளையையே நான் எழுதவில்லை.