விளம்பரம் என்று குறிப்பிட்டால் மட்டும் போதுமா?

யூடியூபில் சிறிய சேனல் நடத்தும் நண்பர் ஒருவருக்குச் சென்ற மாதம் புதிய கிரிப்டோ டோக்கன் (இணையத்தில் வாங்கி விற்கப்படும் டிஜிட்டல் நாணயம்) ஒன்றைப் பற்றிப் பேச அழைப்பு வந்தது; ஊதியத்தில் பாதியை அந்த டோக்கனாகவே தருவதாகச் சொன்னார்கள். அவரிடம் நான் முதலில் நினைவுபடுத்தியது அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியனின் வழக்கைத்தான்.

2021 ஜூனில் எத்தீரியம்மேக்ஸ் திட்டத்தின் டோக்கன்களைப் பற்றி அவர் இன்ஸ்டாகிராமில் பதிவிட்டபோது, டோக்கன் வாங்கும் வழிமுறைகளைத் தரும் தளத்தின் இணைப்பும், விளம்பரம் என்பதைக் காட்டும் ஹேஷ்டேக்கும் அதில் இருந்தன. அதற்காக அவர் பெற்ற 2,50,000 டாலரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பங்கு, பத்திரம் போன்ற முதலீட்டைப் பணம் பெற்றுப் பரிந்துரைப்பவர், பெற்ற தொகையையும் வெளியிட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். இந்த டோக்கனையும் அத்தகைய முதலீடாகவே கருதிய அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும், சுமார் 12.6 லட்சம் டாலர் செலுத்தவும், மூன்று ஆண்டுகள் கிரிப்டோ பத்திரங்களை விளம்பரப்படுத்தாதிருக்கவும் 2022 அக்டோபரில் அவர் உடன்பட்டார்.

சட்டத்தைவிட என்னை உறுத்துவது டோக்கனாகத் தரப்படும் ஊதியம். விலை ஏறினால்தான் அதற்கு மதிப்பு; விலை ஏறுவதற்கோ, நம்மை நம்பிப் பார்ப்பவர்கள் வாங்க வேண்டும்; பிறகு நாம் விற்கும்போது அதை வாங்குபவர்களும் பெரும்பாலும் அவர்களே. 2024 டிசம்பரில், வைரல் காணொளி ஒன்றால் புகழ்பெற்ற அமெரிக்கப் பெண் ஹேலி வெல்ச்சின் பெயரோடு வெளிவந்த ஹாக் என்ற கிரிப்டோ நாணயம் சில மணி நேரத்திலேயே 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தபோது, அவருடைய முகத்தை நம்பி வாங்கியவர்கள் முதலில் கேள்வி கேட்டது அவரிடம்தான்.

நண்பர் இன்னும் பதில் அனுப்பவில்லை. டோக்கன்களில் எத்தனை பங்கு யாரிடம் இருக்கிறது, அவர்கள் எப்போது விற்கலாம் என்று எழுத்தில் கேட்டிருக்கிறார்.