ஸ்பெயின் ராஜ வம்சத்தைச் சார்ட் பேப்பரில் வரைகிறேன்: ஹாப்ஸ்பர்க் பகுதி முடிந்தது

ஸ்பெயினை 1700 வரை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் தாள் ஒருவழியாக முடிந்தது. சார்ட் பேப்பர்களை அகலவாக்கில் ஒட்டி, மேலே புனித ரோமானியப் பேரரசர் மாக்ஸிமிலியானில் தொடங்கி, கீழே 1700இல் வாரிசில்லாமல் இறந்த இரண்டாம் கார்லோஸ் வரை வந்துவிட்டேன். அடுத்து ஆட்சிக்கு வந்த போர்பன் வம்சத்துக்கான தாளை விரிப்பதற்கு முன், இதுவரை எப்படி வரைந்தேன், வரைந்ததில் என்ன தெரிந்தது என்பதை எழுதி வைக்கிறேன். வம்ச வரைபடம் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு உதவும்.

ஸ்பெயினின் ஹாப்ஸ்பர்க் ராஜாக்களை மனப்பாடம் செய்வது சுலபம். முதலாம் கார்லோஸ் (1516–1556), இரண்டாம் ஃபெலிப்பே (1556–1598), மூன்றாம் ஃபெலிப்பே (1598–1621), நான்காம் ஃபெலிப்பே (1621–1665), இரண்டாம் கார்லோஸ் (1665–1700). அப்பாவுக்குப் பின் மகன் என்று ஒரே நேர்கோடு. வரலாற்றுப் புத்தகங்களில் இப்படித்தான் படித்தேன், ஒன்றும் புரிந்ததில்லை. தாளில் ராணிகளின் பெயரையும் எழுத ஆரம்பித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பெரும்பாலான ராணிகளிடமிருந்து மேலே கோடு இழுத்தால், அது புதிய இடத்துக்குப் போகாமல், ஏற்கெனவே வரைந்து வைத்திருந்த ஏதோ ஒரு பெயரிலேயே போய் முட்டியது. இந்த வம்சத்தின் கதை ராஜாக்களிடம் இல்லை, அவர்களுடைய அக்கா தங்கைகளிடம்தான் இருக்கிறது.

வரையும் முறை இதுதான். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்குப் படுக்கைக் கோடு, சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. மரபியல் பாடத்தில் வரும் அதே குறியீடுகள். முதலில் எல்லாவற்றையும் பென்சிலில் போட்டு, பெட்டிக்குள் பெயரோடு பிறந்த வருடத்தையும் இறந்த வருடத்தையும் கட்டாயம் எழுத வேண்டும். வருடம் இல்லாமல் இந்தக் குடும்பத்தில் யாரையும் அடையாளம் காண முடியாது. பவாரியாவின் மரியா அனா என்ற பெயரிலேயே இரண்டு பேர் வருகிறார்கள் (1551–1608, 1574–1616). ஒருத்தி இன்னொருத்திக்கு அத்தை, மாமியாரும் அவளே.

இரட்டைக் கோட்டுக்குப் பக்கத்தில் என்ன முறை என்று சிறிதாக எழுதி வைத்தேன். நம் வழக்கப்படி அத்தை மகள், மாமன் மகள், சித்தி மகள் என்றே எழுதினேன். அப்படி எழுதினால் யார் வழியாக உறவு வருகிறது என்பது பார்த்தவுடன் தெரியும்.

ஹாப்ஸ்பர்க் வருவதற்கு முன்பே இது தொடங்கிவிடுகிறது. 1469இல் வயாதொலித் நகரில் கல்யாணம் செய்துகொண்ட காஸ்தீல் இளவரசி இசபெலும் அரகோன் இளவரசர் ஃபெர்னாந்தோவும் ஒரே திரஸ்தமாரா வம்சம். இரண்டு பேருக்கும் கொள்ளுத்தாத்தா காஸ்தீலின் முதலாம் ஹுவான். அவருடைய இரண்டு மகன்களின் வழியில் வந்த பங்காளிகள், இசபெல் ஒரு வயது மூத்தவர். நம் கணக்கில் அக்கா தம்பி முறை. கத்தோலிக்கத் திருச்சபை முறை பார்ப்பதில்லை, எத்தனை தலைமுறை தூரம் என்றுதான் பார்க்கும். தூரம் போதவில்லை என்றால் போப்பிடம் விசேஷ அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதி கிடைக்கும் என்பது தெரிந்துவிட்டதால், அடுத்த இருநூறு வருடமும் அதை வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

இசபெல்–ஃபெர்னாந்தோவின் ஒரே மகன் ஹுவான் 1497இல் இறந்தான். மூத்த மகள் 1498இல் பிரசவத்தில் போனாள், அவள் பெற்ற குழந்தை 1500இல். அதனால் வாரிசுரிமை ஹுவானாவிடம் (1479–1555) வந்தது. அவள் கல்யாணம் செய்தது மாக்ஸிமிலியானின் மகன் ஃபெலிப்பேயை. இந்தக் கல்யாணத்தில்தான் ஹாப்ஸ்பர்க் ஸ்பெயினுக்குள் நுழைகிறது. கணவன் 1506இல் இறந்த பிறகு, 1509இலிருந்து சாகும்வரை ஹுவானாவைத் தோர்தெசியாஸ் என்ற ஊரில் அடைத்து வைத்தார்கள். முதலில் அப்பா, பிறகு மகன். பெயரளவில் கடைசிவரை அவள்தான் ராணி. பைத்தியக்காரி என்ற பட்டப்பெயரோடு அவளைக் கடந்து போய்விடுகிறவர்கள் என் தாளை ஒருமுறை பார்க்க வேண்டும். மொத்தக் கோடுகளும் வந்து சேர்கிற வட்டம் அவள்தான்.

அடுத்த தலைமுறையில் நடந்தது பெண் கொடுத்துப் பெண் எடுத்தல். 1525இல் முதலாம் கார்லோஸின் தங்கை கத்தலினா போர்ச்சுகல் ராஜா மூன்றாம் ஜுவாவுக்கு வாழ்க்கைப்பட்டாள். அடுத்த வருடம் ஜுவாவின் தங்கை இசபெல் கார்லோஸுக்கு மனைவியாகி செவியாவுக்கு வந்தாள். கார்லோஸின் அம்மா ஹுவானா, இசபெலின் அம்மா மரியா. கூடப் பிறந்தவர்கள். ஆக, கார்லோஸ் கட்டியது சித்தி மகளை. நம் ஊரில் நினைத்தே பார்க்க மாட்டார்கள்.

அப்புறம் இவர்களுடைய மகன் இரண்டாம் ஃபெலிப்பே 1543இல் முதல் கல்யாணம் செய்தது ஜுவா–கத்தலினாவின் மகள் மரியா மனுவேலாவை. அவள் அவனுக்கு அத்தை மகளும்தான், தாய்மாமன் மகளும்தான். இரண்டு பக்கமும் முறைப்பெண். அவர்களுக்குப் பிறந்த தொன் கார்லோஸ் (1545–1568) பக்கத்தில் நான் கொஞ்ச நேரம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எண்ணிப் பார்த்தேன். எல்லோருக்கும் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி என்று எட்டுப் பேர் இருப்பார்கள். இவனுக்கு நான்கு பேர்தான். அதற்கும் மேல் தலைமுறையில் பதினாறு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு.

முறை பார்த்து எழுதியதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. இரண்டாம் ஃபெலிப்பேயின் நான்காவது மனைவி அனா (1549–1580) அவருடைய தங்கை மகள். முதலில் மகன் தொன் கார்லோஸுக்குத்தான் அவளைப் பேசியிருந்தார்கள். அவன் இறந்தான், அதே 1568இல் ஃபெலிப்பேயின் மூன்றாவது மனைவியும் இறந்தாள். 1570இல் அப்பாவே அனாவைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு தலைமுறை தள்ளி இதே கதை. நான்காம் ஃபெலிப்பேயின் மகன் பல்தசார் கார்லோஸுக்கு நிச்சயம் செய்த பெண் வியன்னாவின் மரியானா, ஃபெலிப்பேயின் தங்கை மகள். பையன் 1646இல் இறந்தான். 1649இல் நாற்பத்து நான்கு வயது மாமன் பதினான்கு வயது மரியானாவைக் கட்டினார். தாய்மாமன் கல்யாணம் நமக்குப் பழக்கப்பட்டதுதான். ஆனால் மகனுக்குப் பேசிய பெண்ணை அப்பா கட்டுவது, அதுவும் ஒரே வம்சத்தில் இரண்டு தடவை, எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பெண்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மரியானா ஐந்து பிள்ளை பெற்றாள், பெரியவர்களாக வளர்ந்தது மார்கரீத்தாவும் கார்லோஸும்தான். அரசவை ஓவியர் வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தின் நடுவில் நிற்கும் சிறுமி இந்த மார்கரீத்தா. பின்சுவர்க் கண்ணாடியில் மங்கலாகத் தெரிகிறவர்கள் அவளுடைய அம்மாவும் அப்பாவும்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? முதலாம் கார்லோஸ் 1555–56இல் பதவி விலகியபோது ஸ்பெயினும் நெதர்லாந்தும் மகனுக்குப் போயின, ஆஸ்திரியாவும் பேரரசர் பதவியும் தம்பி ஃபெர்டினாண்டுக்கு. சொத்து பிரிந்துவிட்டது, ஆனால் இரண்டு வீட்டுக்கும் அடுத்தவர் பங்கின் மேல் ஒரு பிடி வேண்டும். அந்தப் பிடி பெண்கள்தான். இந்தக் கிளை அற்றுப்போனால் அந்தக் கிளைக்கு உரிமை வர வேண்டும் என்பதற்காகத் தலைமுறைக்குத் தலைமுறை மாட்ரிடுக்கும் வியன்னாவுக்கும் பெண் மாறியது. புராட்டஸ்டண்ட் நாடுகளில் பெண் எடுக்க முடியாது என்பதும் சேர்ந்துகொண்டது.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஹுவானாவிலிருந்து இரண்டாம் கார்லோஸுக்கு எத்தனை வழிகள் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன முறை உண்டு. ஹுவானாவின் பிள்ளைகள் ஒவ்வொருவர் பெட்டியிலும் 1 என்று எழுத வேண்டும். அதற்குக் கீழே எந்தப் பிள்ளையானாலும் அப்பா எண்ணையும் அம்மா எண்ணையும் கூட்டிப் போட வேண்டும். இரண்டாம் ஃபெலிப்பேக்கு 1. அனாவின் அப்பா இரண்டாம் மாக்ஸிமிலியான் ஃபெர்டினாண்டின் மகன், அம்மா கார்லோஸின் மகள், ஆகவே அனாவுக்கு 2. மூன்றாம் ஃபெலிப்பேக்கு 3. அவர் மனைவி மார்கரீத்தாவின் பெற்றோர் தாய்மாமனும் அக்கா மகளும், இரண்டு பேருமே ஃபெர்டினாண்ட் வழி. அவளுக்கு 2. நான்காம் ஃபெலிப்பேக்கு 5, அவர் தங்கைக்கும் 5. இந்தத் தங்கையைக் கட்டிய பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்ட் மார்கரீத்தாவின் அண்ணன் மகன், அவருக்கு அப்பா வழியில் 2, அம்மா வழியில் 2, ஆக 4. மகள் மரியானாவுக்கு 9. கார்லோஸுக்கு 14.

மூன்றாம் ஃபெர்டினாண்டின் 4இல் ஒன்று ஒளிந்துகொண்டு வருகிறது. அவருடைய அம்மா வழிப் பாட்டி லொரேன் வம்சத்து ரெனாத்தா. பெயரைப் பார்த்தால் வெளியாள் மாதிரி இருக்கும். ஆனால் ரெனாத்தாவின் அம்மா டென்மார்க்கின் கிறிஸ்தினா, கிறிஸ்தினாவின் அம்மா முதலாம் கார்லோஸின் தங்கை. அங்கேயும் ஹுவானா! ரெனாத்தாவை வெளியாள் என்று விட்டுவிட்டால் 13தான் வரும்.

அடுத்தது எஃப் கணக்கு. ஒரு பிள்ளைக்கு அப்பா வழியிலும் அம்மா வழியிலும் ஒரே மூதாதையின் ஒரே மரபணுப் பிரதி வந்து சேர எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் எண்ணை மரபியலில் எஃப் என்கிறார்கள். கையால் போடலாம். இரண்டாம் ஃபெலிப்பேயை எடுத்துக்கொள்வோம். அப்பா கார்லோஸிலிருந்து மேலே ஏறி, அம்மா இசபெலுக்கு இறங்க வேண்டும்: கார்லோஸ், ஹுவானா, ஃபெர்னாந்தோ, மரியா, இசபெல். ஐந்து பேர், ஆகவே பாதியை ஐந்து தடவை பெருக்க வேண்டும், 1/32. ஃபெர்னாந்தோவுக்குப் பதில் அவர் மனைவி இசபெல் ராணி வழியாகப் போனால் இன்னொரு 1/32. கூட்டினால் 1/16, அதாவது 0.0625.

சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதினாறு தலைமுறை வரை பின்னோக்கிப் போய், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உறவினர்களைச் சேர்த்து 2009இல் வெளியிட்ட கணக்கில் இரண்டாம் ஃபெலிப்பேயின் எண் 0.123. என் தாளில் வருவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மீதி எங்கிருந்து வருகிறது என்பதும் மேலே ஏறினால் தெரிகிறது. பேரரசர் மாக்ஸிமிலியானின் அம்மா, இசபெல் ராணியின் அம்மா, மாக்ஸிமிலியானின் மனைவி பர்கண்டி மேரியின் அப்பாவைப் பெற்றவள், மூன்று பேருமே போர்ச்சுகல் இளவரசிகள். சொந்தம் பழையது, ஆனால் கரையவில்லை.

அதே ஆய்வில் வம்சத்தைத் தொடங்கி வைத்த ஃபெலிப்பேக்கு, அதாவது ஹுவானாவின் கணவருக்கு, எண் 0.025. கடைசி கார்லோஸுக்கு 0.254. கூடப் பிறந்தவர்களுக்குள் பிள்ளை பிறந்தால் வருவது 0.25. மாமன்–மருமகள் கல்யாணம் மட்டும் தருவது 0.125தான். மிச்சப் பாதி முழுக்க முன்னோர்கள் சேர்த்து வைத்தது. 1527 முதல் 1661 வரை இந்த வீட்டில் பிறந்த 34 குழந்தைகளில் 10 பேர் ஒரு வயதுக்கு முன்பும், மொத்தம் 17 பேர் பத்து வயதுக்கு முன்பும் இறந்ததாக அந்த ஆய்வு சொல்கிறது. சரிபாதி. அவர்களில் ஒருவன் மரியானாவின் மகன் ஃபெலிப்பே ப்ரோஸ்பெரோ. 1659இல் வெலாஸ்கெஸ் வரைந்த படத்தில் அவன் உடுப்பின் மேல் மணியும் தாயத்துகளும் தொங்கும், பக்கத்து நாற்காலியில் ஒரு நாய்க்குட்டி படுத்திருக்கும். 1661 நவம்பர் 1 அன்று அவன் இறந்தான். 6ஆம் தேதி கார்லோஸ் பிறந்தான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த எண்ணை விதி மாதிரி வாசிக்கக்கூடாது. மூன்றாம் ஃபெலிப்பேக்கு 0.218, அவர் நாற்பத்திரண்டு வயதுவரை இருந்தார், பிள்ளைகள் பெற்றார். அவர் மகனுக்கோ 0.115தான். பெற்றோருக்குள் உறவு எவ்வளவு நெருக்கம் என்பதைத்தான் பிள்ளையின் எண் காட்டும், பெற்றோரின் சொந்த எண்ணை அல்ல. ஒரே ஒரு தலைமுறை தூரத்துச் சம்பந்தம் செய்தாலும் எண் இறங்கும். அதைத் தெரிந்துகொள்ள அந்தக் காலத்தில் யாருக்கும் வழியில்லை. இரண்டாம் கார்லோஸைச் சூனியம் வைக்கப்பட்டவர் என்று சொல்லிப் பேயோட்டினார்கள். இரண்டு மனைவிகளுக்கும் குழந்தை இல்லை. முப்பத்தொன்பது வயது முடிய ஐந்து நாள் இருக்கும்போது இறந்தார். அவரைப் பற்றிய கேலிக்கதைகள் ஏராளமாக இருக்கின்றன. தாளை வரைந்து முடித்தவனுக்கு அந்த மனிதர் மேல் இரக்கம்தான் வருகிறது.

போர்பன் தாளைப் பென்சிலில் தொடங்கிவிட்டேன். முதல் கோடே பழகிய கோடு. 1615இல் பிதாசோவா ஆற்று எல்லையில் பிரான்சும் ஸ்பெயினும் மறுபடி பெண் கொடுத்துப் பெண் எடுத்தன: ஸ்பெயினின் அனா பதின்மூன்றாம் லூயிக்கு, லூயியின் தங்கை இசபெல் பின்னாளில் நான்காம் ஃபெலிப்பே ஆன இளவரசருக்கு. இந்த இரு ஜோடிகளின் பிள்ளைகள்தான் பதினான்காம் லூயியும் அவர் மனைவி மரியா தெரேசாவும். மறுபடி இரண்டு பக்க முறைப்பெண். அவர்களுடைய பேரனைத்தான் கார்லோஸ் தன் உயிலில் வாரிசாக எழுதினார். ஐந்தாம் ஃபெலிப்பேயாக அவர் பட்டத்துக்கு வந்ததற்கு 1714 வரை ஐரோப்பா சண்டை போட்டது.

இந்தத் தாளில் நான் ஆவலோடு காத்திருப்பது ராணி இரண்டாம் இசபெல் (1830–1904). தன் பதினாறாவது பிறந்தநாளன்று, 1846 அக்டோபர் 10, அவளுக்குக் கட்டி வைத்த பிரான்சிஸ்கோ அவளுடைய சித்தப்பா மகனும் பெரியம்மா மகனும். அவளைப் பெற்றவர்களும் மாமனும் அக்கா தங்கை வழி மருமகளும்தான், அவனைப் பெற்றவர்களும் அப்படியே. எஃப் கணக்கை இந்த ஜோடிக்குப் போட ஒரு தனி நோட்டு எடுத்து வைத்திருக்கிறேன். வழிகளை எழுதத் தொடங்கினால் பக்கம் பக்கமாகப் போகும் போலிருக்கிறது. இசபெலின் உரிமையை ஏற்காமல் அவள் சித்தப்பா கார்லோஸ் தொடங்கிய கிளையை அதே தாளின் வலது ஓரத்தில் வைக்கப் போகிறேன். அவர்களும் உள்ளுக்குள்ளேயே சம்பந்தம் செய்தவர்கள், தனித்தாளில் போட்டால் இரட்டைக் கோடுகளை இழுக்க முடியாது.