கப்பலுக்குள் இருந்த வெளிச்சம்

அக்காவுக்கும் எனக்கும் இடையே நெடுங்காலமாகத் தீராமல் கிடந்த ஒரு வழக்கு சென்ற மாதம் தீர்ந்தது. தீர்த்து வைத்தது ஒரு புளூரே தட்டு.

1986ஆம் ஆண்டு மே மாதத்தில் நாங்கள் ஆலங்காயத்தில் குடியிருந்தோம். வாணியம்பாடியும் ஜவ்வாது மலையும் அன்று வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. சவூதியில் வேலை பார்த்த மாமா, விடுமுறையில் வந்தபோது ஒரு வீடியோ டெக்கும் பத்துப் பன்னிரண்டு கேசட்டுகளும் கொண்டுவந்தார். அவற்றில் ஒன்று, வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வருவதைப் பற்றி ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'குளோஸ் என்கவுன்ட்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட்'. வசனம் எங்களுக்குக் கால்வாசிகூடப் புரியவில்லை. மாமா அங்கங்கே நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே வந்தார். இரவு உணவுக்குப் பிறகு தொடங்கிய படம் முடிவதற்குள் அக்கா பாயிலேயே தூங்கிவிட்டாள். நான் மட்டும் விழித்திருந்தேன். மின்கம்பி பழுது பார்க்கும் வேலைக்காரரான ராய் நியரி, வானிலிருந்து இறங்கிய அந்தப் பெரிய கப்பலுக்குள் நடந்து போவதையும், உள்ளே நிமிர்ந்து பார்ப்பதையும், அடுக்கடுக்கான விளக்குகளுக்கு நடுவில் அவர்மேல் ஒளித்துகள்கள் மழைபோல் கொட்டுவதையும் பார்த்தேன். மறுநாள் காலையில் அதை அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

2000களில் வேலூரில் அந்தப் படத்தின் டிவிடி கிடைத்தபோது, அக்காவை அழைத்து உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். நியரி கப்பலுக்குள் நுழைந்தார், கப்பல் மேலெழுந்தது, படம் முடிந்தது. உட்புறம் இல்லை, ஒளிமழையும் இல்லை. "கனவு கண்டுட்டு வந்து கதை சொல்லியிருக்கே" என்றாள் அக்கா. அன்றிலிருந்து எனக்கே ஐயம் வந்துவிட்டது. பத்து வயதில் தூக்கக் கலக்கத்தில் கண்டதைப் படத்தோடு சேர்த்துக்கொண்டேனோ என்று பல ஆண்டுகள் நினைத்தேன்.

உண்மை இப்படி. 1977 நவம்பரில் திரைக்கு வந்த படத்தில் கப்பலின் உட்புறம் காட்டப்படவே இல்லை. வெளியீட்டுத் தேதிக்காக அவசரமாக முடித்ததில் ஸ்பீல்பெர்க்குக்கு மனக்குறை இருந்தது. விட்டுப்போன காட்சிகளை எடுத்துச் சேர்க்க, படத்தை வெளியிட்ட கொலம்பியா நிறுவனம் பணம் தர ஒப்புக்கொண்டது. விளம்பரத்துக்குப் புதிதாக ஒன்று வேண்டும் என்பதால் கப்பலின் உள்ளே காட்டவேண்டும் என்பதை நிபந்தனையாக வைத்தது. அப்படி 1980இல் வந்த சிறப்புப் பதிப்புதான் மாமாவின் கேசட்டில் இருந்தது. பின்னர் 1998இல் ஸ்பீல்பெர்க் மூன்றாம் முறையாகப் படத்தைத் தொகுத்தபோது அந்த உட்புறத்தை நீக்கிவிட்டார். நான் வாங்கிய டிவிடி அந்த மூன்றாம் பதிப்பு. இப்போது என் கைக்கு வந்திருக்கும் புளூரேயில் மூன்று பதிப்புகளும் இருக்கின்றன: 135 நிமிடம், 132 நிமிடம், 137 நிமிடம்.

மூன்றையும் அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்தேன். சத்துவாச்சாரி வீட்டில் வெயிலுக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டு, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டுப் பார்த்தேன். கேசட்டில் புகைபோல் தெரிந்த மேகங்கள் இப்போது அசல் மேகங்களாகத் திரண்டு வந்தன. உப்பு நீரையும் நன்னீரையும் ஒரு தொட்டியில் அடுக்காக நிரப்பி, இடையில் வெள்ளை வண்ணத்தைப் பாய்ச்சி அவற்றை உருவாக்கினார்கள். டக்ளஸ் டிரம்புல் பொறுப்பில் நடந்த தந்திரக்காட்சி வேலை அது. கணினி வரைகலை இல்லாமல் கண்ணாடியிலும் நீரிலும் விளக்கிலும் செய்த அந்த வேலை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பழையதாகத் தோன்றவில்லை.

எனக்கு மிகப் பிடித்த காட்சி ரயில்வே கேட் அருகே வருவது. இரவில் வழி தெரியாமல் நியரி வண்டியை நிறுத்தி வரைபடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னால் ஒரு வண்டியின் விளக்குகள் வந்து நிற்கின்றன. கையைக் காட்டுகிறார், அந்த வண்டி அவரைச் சுற்றிக்கொண்டு போகிறது. சற்று நேரம் கழித்து மறுபடியும் பின்னால் விளக்குகள். வரைபடத்திலிருந்து தலையைத் தூக்காமலே மறுபடியும் கையைக் காட்டுகிறார். இந்த முறை விளக்குகள் பக்கவாட்டில் நகரவில்லை. ஓசையில்லாமல் நேர்மேலே ஏறுகின்றன. நியரிக்கு அது தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். பத்து வயதில் அந்த இடத்தில் நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். இப்போதும் கை தானாகச் சோபாவின் விளிம்பைத் தேடியது.

இன்னொன்று இந்தியக் காட்சி. பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையே, காலாப்பூர் அருகிலுள்ள ஹால் என்ற சிற்றூரில் படமாக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து ஐந்து சுரங்களைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். அந்த ஓசை எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் அத்தனை விரல்களும் ஒரே நொடியில் வானத்தைக் காட்டுகின்றன. நம் ஊர்த் திருவிழாக் கூட்டத்தைப் போன்ற முகங்களை ஓர் அமெரிக்கப் படத்தில் பார்த்தபோது எங்கள் கூடமே கூச்சலிட்டது. பம்பாயில் இரவில் பார்த்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் விளக்குகளிலிருந்துதான் கப்பலின் தோற்றத்துக்கு ஸ்பீல்பெர்க்குக்கு யோசனை பிறந்தது என்பதை நான் பிற்பாடு படித்தறிந்தேன். படத்துக்காகச் செய்த அந்தக் கப்பலின் மாதிரியுரு இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த ஐந்து சுரங்களை அமைத்தவர் ஜான் வில்லியம்ஸ். முந்நூறுக்கும் மேற்பட்ட சேர்க்கைகளை எழுதிப் பார்த்து அவற்றிலிருந்து தேர்ந்த ஒன்று. அக்கா அப்போது பாட்டு கற்றுக்கொண்டிருந்தாள். கடைசிக் காட்சியைத் தவறவிட்டாலும் மறுநாளே ஆர்மோனியத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்: ரி, க, ச, பிறகு ஒரு ஸ்தாயி கீழே இறங்கி ச, அங்கிருந்து மேலேறி ப. ஐந்தாவது சுரம் சட்ஜமத்தில் வந்து அமராமல் பஞ்சமத்தில் நின்றுவிடுவதால், யாரோ கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல் இருக்கிறது என்றாள். இந்தப் படத்தைப் பற்றி நான் படித்த எதிலும் அதைவிடச் சரியான சொல்லைப் பார்க்கவில்லை.

எங்களுக்கு வானம் தொலைவான விஷயமாக இருக்கவில்லை. எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரிந்த மலைமேல்தான் காவலூர் வானியல் ஆய்வகம் இருந்தது. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்து, அதற்கு வளையங்கள் இருப்பது தெரியவந்த 1977 மார்ச் 10 அன்று அதைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. படம் வந்ததும் அதே ஆண்டுதான். 1986 ஜனவரியில் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கியை ராஜீவ் காந்தி திறந்துவைத்து, வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். நாங்கள் கேசட் பார்த்தது அதற்கு நான்கு மாதம் கழித்து. ஆகவே படத்தில் அறிவியலாளர்கள் மலையடிவாரத்தில் விளக்கு போட்டுக் காத்திருந்தபோது, அந்த மலை எனக்கு ஜவ்வாது மலையாகவே இருந்தது. வந்தால் இங்கேதான் முதலில் வருவார்கள் என்று உறுதியாக நம்பினேன்.

ஒரு தகப்பனாகப் பார்க்கையில் வேறொன்று உறுத்தியது. நியரி மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகிறார். உடுத்திய துணியோடு குளியலறையில் ஷவரின் கீழே உட்கார்ந்து அவர் அழ, பிள்ளைகள் மிரண்டு நிற்கும் காட்சி 1980இல் சேர்க்கப்பட்டது. 1977இல் அது இல்லை. சிறுவயதில் பார்த்த பதிப்பில் அது இருந்திருக்கிறது, ஆனால் என் நினைவில் ஒரு துளியும் தங்கவில்லை. ஒளிமழை மட்டும் தங்கியிருக்கிறது. தாம் தந்தையான பிறகு எழுதியிருந்தால் நியரியைப் போகவிட்டிருக்க மாட்டேன் என்று ஸ்பீல்பெர்க்கும் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

உட்புறம் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதுதான் என் இன்றைய கருத்து. நியரி நுழைந்து கதவு மூடியதும் நம் மனம் உள்ளே கட்டிக்கொள்ளும் மாளிகைக்கு எந்த விளக்கும் ஈடாகாது. என் பிள்ளைப்பருவத்தை ஆண்ட காட்சியையே வேண்டாம் என்று சொல்ல நேர்ந்ததில் வருத்தம் உண்டு. இருந்தாலும் 1977ஆம் ஆண்டுப் பதிப்பே முழுமையானது.

சென்ற மாதம் அக்கா வந்திருந்தபோது இதையெல்லாம் விளக்கிவிட்டு, 1980ஆம் ஆண்டுப் பதிப்பின் முடிவை மட்டும் போட்டேன். நியரி உள்ளே நடந்தார், நிமிர்ந்தார், ஒளி கொட்டத் தொடங்கியது. அக்கா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "நெசமாத்தான்டா கீது" என்றாள். இது இல்லாமலிருப்பதுதான் படத்துக்கு நல்லது என்று நான் தொடங்கியதும் கையமர்த்தினாள்.

"நீ பத்து வயசிலேயே பாத்துட்டே, உனக்கு வேணாம். நான் இப்பத்தானே பாக்கறேன். பின்னாடி ஓட்டு."

மூன்று முறை ஓட்டினேன்.