எதைச் சாப்பிட்டா கேன்சர் வரும்னு கேக்குறவங்களுக்கு

இந்தக் கேள்வியே கொஞ்சம் கோணலான கேள்வின்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம். எதைச் சாப்பிட்டா வரும்னு கேட்டா பதிலும் ஏதோ ஒரு பொருளோட பேராத்தான் வரும், வாட்ஸப்ல சுத்துறதும் அதுதான். இன்னிக்கு மைக்ரோவேவ், நாளைக்கு சர்க்கரை, அடுத்து பிளாஸ்டிக் பாட்டில். படிக்கிறவங்க ரெண்டு நாள் பயப்படுறாங்க, அப்புறம் "எல்லாத்துலயும் கேன்சர்னுதான் சொல்றாங்க, எதைத்தான் சாப்பிடுறது"ன்னு மொத்தத்தையும் ஒதுக்கிடுறாங்க. அந்தக் கடைசி வரியக் கேக்கும்போதுதான் எனக்கு மனசு கஷ்டமாகுது, ஏன்னா வருஷக்கணக்குல ஆராய்ச்சி பண்ணி நல்லா உறுதியான விஷயங்கள் கொஞ்சம் இருக்கு, அதெல்லாம் இந்த இரைச்சல்ல யார் காதுலயும் விழறதே இல்ல.

முதல்ல அந்த பிரபலமான இறைச்சி நியூஸ். 2015 அக்டோபர்ல ஐஏஆர்சி, அதாவது உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, 10 நாட்டுல இருந்து 22 விஞ்ஞானிகளக் கூப்பிட்டு 800க்கு மேல ஆய்வுகள அலசிட்டு, பதப்படுத்தின இறைச்சிய குரூப் 1ல, அதாவது மனுஷங்களுக்கு கேன்சர உண்டாக்கும்னு உறுதியானதுங்க பட்டியல்ல போட்டாங்க. பதப்படுத்தினதுன்னா சாசேஜ், ஹாம், பேக்கன், சலாமி இந்த மாதிரி, உப்பு போட்டோ புகை போட்டோ கெமிக்கல் சேர்த்தோ கெடாம வெச்சிருக்குறது. மாடு, ஆடு, பன்னி மாதிரி சிவப்பு இறைச்சி அதுக்கு ஒரு படி கீழ, 2ஏல, அதாவது அநேகமா உண்டாக்கும்ங்கிற பட்டியல்ல. அதே குரூப் 1ல சிகரெட்டும் இருக்கா, உடனே அடுத்த நாளே "சாசேஜும் சிகரெட்டும் ஒண்ணு"ன்னு ஊரெல்லாம் தலைப்புச் செய்தி.

ஆனா அந்த குரூப் நம்பர் சொல்றது வேற. இது கேன்சர உண்டாக்கும்ங்கிறதுக்கு ஆதாரம் எவ்வளவு உறுதியா இருக்குன்னு மட்டும்தான் அது சொல்லுது, எவ்வளவு பெரிய ஆபத்துன்னு சொல்லவே இல்ல. ஐஏஆர்சியே அப்போ எடுத்துக் காட்டின கணக்கப் பாருங்க: பதப்படுத்தின இறைச்சி அதிகமா இருக்குற சாப்பாட்டால உலகம் முழுக்க வருஷத்துக்கு சுமார் 34,000 கேன்சர் சாவு, புகையிலையால சுமார் 10 லட்சம், மதுவால சுமார் 6 லட்சம். மூணுமே குரூப் 1 தான்!

அப்புறம் அந்த 18 சதவீதம். தினமும் 50 கிராம் பதப்படுத்தின இறைச்சி சாப்பிட்டா பெருங்குடல் கேன்சர் வர்ற வாய்ப்பு 18 சதவீதம் கூடும்னு சொன்னாங்க. இதக் கேட்டு 100 பேர்ல 18 பேருக்கு வரும்னு நினைச்சவங்க நிறைய பேர். அப்படி இல்ல. 100 பேர்ல வாழ்நாள்ல ஒரு 5 பேருக்கு வரும்னு வெச்சுக்கங்க, அந்த 5ல 18 சதவீதம் கூட்டினா கிட்டத்தட்ட 6. நூத்துல ஒருத்தர் கூடுதல். ஒரு ஆளுக்கு இது சின்ன வித்தியாசம்தான், கோடிக்கணக்கான பேரு தினமும் சாப்பிடுறாங்கன்னா சின்னது இல்ல. ரெண்டையும் சேர்த்து மனசுல வெச்சுக்கணும், அப்பதான் எப்பவாவது கல்யாண வீட்டுலயோ பார்ட்டியிலயோ ஒரு துண்டு சாப்பிட்டதுக்கு பயப்படாம, தினமும் காலைல அதையே குழந்தைக்கு லஞ்ச் பாக்ஸ்ல வெக்கிறத பத்தி மட்டும் யோசிப்போம்.

ஏன் இறைச்சில இப்படின்னு கேட்டா காரணம் ஒண்ணு இல்ல. பாக்கெட்டத் திருப்பி பின்னாடி அந்த பொடி எழுத்தப் பாத்தா சோடியம் நைட்ரைட்னு இருக்கும், சிலதுல வெறும் 250ன்னு நம்பர் மட்டும் போட்டிருப்பாங்க. அதுதான் கறிக்கு அந்த ரோஸ் நிறத்தக் குடுக்குது, ஒரு வகை ஆபத்தான கிருமி வளராமலும் தடுக்குது, அதனால அத வேலையத்துப் போய் சேர்க்கலை. ஆனா வயித்துக்குள்ள போனதும் அது புரதத்துல இருந்து வர்ற அமீன்களோட சேர்ந்து நைட்ரோசோ காம்பவுண்டுன்னு ஒண்ணா மாறலாம், அது குடலோட உள்சுவர்ல இருக்குற செல்லோட டிஎன்ஏவ பாதிக்கக்கூடியது. சிவப்பு இறைச்சில நிறத்துக்குக் காரணமான ஹீம்ங்கிற இரும்புச்சத்தும் இந்த வேலைக்குத் துணை போகுது. மூணாவது சமைக்கிற விதம். கிரில் பண்றப்போ கவனிச்சுப் பாருங்க, கறில இருந்து கொழுப்பு உருகி கீழ தணல்ல சொட்டும், உஸ்ஸுன்னு ஒரு சத்தத்தோட புகை கிளம்பும், அந்தப் புகை மேல போய் கறி மேலயே படியும். அந்தப் புகைல பிஏஹெச்னு ஒரு கூட்டம் கெமிக்கல் இருக்கு, கருகின ஓரத்துல ஹெச்சிஏன்னு இன்னொரு கூட்டம். தீய நேரா படவிடாம வேக வெக்கிறது, அடிக்கடி திருப்பிப் போடுறது, கருகினத வெட்டிப் போட்டுடுறது, இவ்வளவு பண்ணாலே இது கணிசமா குறையும்.

இப்ப நான் உண்மையிலேயே சத்தமா சொல்ல நினைக்கிறது மதுவைப் பத்தி. ஃபார்வர்டு மெசேஜ்ல வராத ஒண்ணு இதுதான். 1988லயே ஐஏஆர்சி மதுவ குரூப் 1ல போட்டாச்சு. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம்னு ஏழு இடத்துல கேன்சருக்கு இது காரணம்னு உறுதியாயிருக்கு. பீரா, ஒயினா, காஸ்ட்லி விஸ்கியாங்கிறதெல்லாம் உடம்புக்குத் தெரியாது, எல்லாத்துலயும் இருக்குறது அதே எத்தனால், அது உடைஞ்சு அசிட்டால்டிஹைடா மாறுது, அது டிஎன்ஏவ சேதப்படுத்துறதோட நிக்காம அந்த சேதத்த செல்லு ரிப்பேர் பண்ணிக்கிறதையும் கெடுக்குது. 2020ல மட்டும் உலகத்துல புதுசா வந்த கேன்சர்ல சுமார் 7,41,000 மதுவாலன்னு கணக்கு, அதாவது நூத்துக்கு 4. சிகரெட்டும் கூட சேர்ந்தா வாய், தொண்டை கேன்சர் ஆபத்து ரெண்டையும் கூட்டின அளவுக்கு இல்ல, அதவிட ரொம்ப மேல எகிறுது. மார்பகப் புற்றுநோய்ல கொஞ்சமா குடிக்கிற பொண்ணுங்களுக்கும் ரிஸ்க் கொஞ்சம் கூடுது. ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லதுன்னு எத்தனை வருஷமா கேட்டிருப்போம்? 2023 ஜனவரில உலக சுகாதார நிறுவனம் பட்டுன்னு சொல்லிடுச்சு, பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு. மைக்ரோவேவ்ல சூடு பண்ணா கேன்சர்னு பயந்து மெசேஜ் அனுப்புற வீட்டுல வார இறுதில பாட்டில் திறக்குறது யாருக்கும் உறுத்தலன்னா, விஷயம் நம்மகிட்ட சரியா வந்து சேரலன்னு அர்த்தம்.

அடுத்தது உடல் எடை. இதப் பேசினா சிலருக்கு வலிக்கும்னு தெரியும், யாரையும் கேலி பண்றதுக்காக சொல்லல. 2016ல வந்த ஐஏஆர்சி மதிப்பீட்டுப்படி அதிக கொழுப்பு உடம்புல சேர்றதுக்கும் 13 வகை கேன்சருக்கும் தொடர்பு இருக்கு. கொழுப்பு செல்லு சும்மா ஒரு ஓரமா கிடக்குறது இல்ல. மாதவிடாய் நின்ன பிறகு பொண்ணுங்க உடம்புல ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் அதுல இருந்துதான் உருவாகுது, அது மார்பக, கர்ப்பப்பை செல்ல வளரச் சொல்லித் தூண்டுது. கூடவே இன்சுலின் அளவு ஏறிப் போறது, உடம்பு முழுக்க லேசா ஒரு அழற்சி அணையாம இருந்துட்டே இருக்குறது. சர்க்கரைக்கும் கேன்சருக்கும் உள்ள சம்பந்தமும் முக்கியமா இந்த வழியாத்தான். இனிப்பு பானம் தினம் குடிச்சா எடை ஏறும், எடை வழியா ரிஸ்க் ஏறும். மத்தபடி சர்க்கரைய நிறுத்தினா கேன்சர் செல்லு பட்டினில செத்துடும்ங்கிறது நடக்காத காரியம், நம்ம உடம்புல எல்லா செல்லுக்கும் குளுக்கோஸ் வேணும், வெளிய இருந்து வரலன்னா கல்லீரலே தயார் பண்ணிக் குடுத்துடும்.

எதைச் சாப்பிடக்கூடாதுன்னே பேசிட்டு இருக்கோம், எதைச் சாப்பிடாம விடுறோம்ங்கிறதும் அதே அளவு முக்கியம். நார்ச்சத்து. முழு தானியம், பருப்பு, பயறு, காய், பழம். நம்மால செரிக்க முடியாத அந்த நார பெருங்குடல்ல இருக்குற பாக்டீரியா புளிக்க வெச்சு ப்யூட்டிரேட்னு ஒரு அமிலத்த உண்டாக்குது, அதுதான் குடலோட உள்சுவர் செல்லுக்கு முக்கியமான சாப்பாடு. 2015ல வெளிவந்த ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: பெருங்குடல் கேன்சர் அதிகமா வர்ற ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் 20 பேரு, அது ரொம்பக் குறைவா இருக்குற தென்னாப்பிரிக்க கிராமத்து ஆளுங்க 20 பேரு, ரெண்டு குரூப்புக்கும் ரெண்டே வாரம் சாப்பாட்ட அப்படியே மாத்திக் குடுத்தாங்க. அமெரிக்கர்களுக்கு நார்ச்சத்து நிறைய, கொழுப்பு கம்மி, தென்னாப்பிரிக்க கிராமத்து ஆளுங்களுக்கு நேர் எதிர். முன்னாடியும் பின்னாடியும் குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாத்தா, நார்ச்சத்துக்கு மாறினவங்களுக்கு ப்யூட்டிரேட் ரெண்டரை மடங்கு ஏறியிருக்கு, அழற்சியோட அறிகுறி குறைஞ்சிருக்கு, அந்தப் பக்கம் ப்யூட்டிரேட் பாதியா இறங்கி அழற்சி கூடியிருக்கு. ரெண்டு வாரத்துல கேன்சர் வரவும் இல்ல, போகவும் இல்ல, அத அந்த ஆய்வு சொல்லவும் இல்ல. ஆனா குடல் இவ்வளவு சீக்கிரம் மாறுதுன்னா, இத்தனை வயசாச்சு இனிமே மாத்தி என்ன ஆகப் போகுதுன்னு சொல்றவங்களுக்கு நான் இதத்தான் எடுத்துச் சொல்வேன்.

இன்னொண்ணு, யாருமே பெருசா எடுத்துக்காத பூஞ்சை. வேர்க்கடலை, சோளம் எல்லாம் ஈரம் பட்டு சரியா காயாம மூட்டைல கிடந்தா ஆஸ்பர்ஜில்லஸ்னு ஒரு பூஞ்சை வரும், மஞ்சளும் பச்சையுமா பொடி படிஞ்ச மாதிரி இருக்கும், அது அஃப்ளாடாக்சின்னு ஒரு விஷத்த விடுது. 1960ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கு மேல வான்கோழிங்க திடீர்னு செத்துப் போச்சு, என்னன்னு தேடினா தீவனத்துல இருந்த கடலைப் பிண்ணாக்கு, அதுல இருந்துதான் இந்த விஷத்தையே கண்டுபிடிச்சாங்க. கல்லீரல் கேன்சருக்கு இது நேரடிக் காரணம், கல்லீரலத் தாக்குற ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்குறவங்களுக்கு ஆபத்து பல மடங்கு அதிகம். வறுத்தாலும் வேக வெச்சாலும் முழுசா போகாது. அதனால கைப்பிடி கடலைல சுருங்கிப்போன, நிறம் மாறின ஒண்ணு ரெண்டு தெரிஞ்சா, வாயில போட்டு கசந்தா, முழுங்காம துப்பிடுங்க, பூஞ்சை தெரியுறத தட்டித் துடைச்சு சாப்பிட வேணாம். ஹெபடைடிஸ் பி ஊசி போட்டுக்கிறதும் கேன்சர் தடுப்புதான்.

மத்தத வேகமா சொல்லிடுறேன். 65 டிகிரிக்கு மேல கொதிக்கக் கொதிக்க எதக் குடிச்சாலும் உணவுக்குழாய்க்கு நல்லதில்லன்னு 2016ல 2ஏல போட்டாங்க, கொஞ்சம் ஆறவிட்டுக் குடிங்க, அவ்வளவுதான், காபி மேல இருந்த பழைய சந்தேகத்த அதே கூட்டத்துல எடுத்துட்டாங்க. உப்புல ஊறவெச்சுப் பதப்படுத்தினத அதிகமா சாப்பிடுறது வயித்துக் கேன்சரோட சேர்ந்து வருது. அக்ரிலமைடுன்னு ஒண்ணு, மாவுப் பொருள 120 டிகிரிக்கு மேல வறுத்தா பொரிச்சா வர்றது, 2002ல சாப்பாட்டுல கண்டுபிடிச்சப்போ பெரிய பயம், மனுஷங்கள வெச்சுப் பாத்த ஆய்வுல தெளிவா ஒண்ணும் நிக்கல, பொன்னிறத்தோட எடுத்துடுறது போதும். டயட் சோடால இருக்குற அஸ்பார்டேம்ங்கிற செயற்கை இனிப்பு 2023ல 2பில, அதாவது ஒருவேளை உண்டாக்கலாம்ங்கிற பட்டியல்ல போனப்போ, 70 கிலோ இருக்குற ஒருத்தர் அனுமதிச்ச அளவத் தாண்டணும்னா ஒரே நாள்ல 9ல இருந்து 14 கேன் வரைக்கும் குடிக்கணும்னும் சேர்த்தே சொன்னாங்க, அந்த ரெண்டாவது பாதிய யாரும் ஃபார்வர்டு பண்ணல.

சத்து மாத்திரை போட்டா சரியாப் போயிடும்னு நினைக்கிறவங்களுக்கும் ஒரு விஷயம். காய், பழம் சாப்பிடுறவங்களுக்கு நுரையீரல் கேன்சர் கம்மியா இருக்குன்னு பாத்துட்டு, பின்லாந்துல 29,000 பேருக்கு மேல சிகரெட் பிடிக்கிற ஆம்பளைங்கள வெச்சு, கேரட்ல இருக்குற பீட்டா கரோட்டின்ங்கிற சத்த மாத்திரையா குடுத்துப் பாத்தாங்க. 1994ல ரிசல்ட் வந்தா, மாத்திரை போட்டவங்களுக்கு நுரையீரல் கேன்சர் 18 சதவீதம் அதிகம். கேரட்ட கேரட்டாவே சாப்பிடுங்க.

எங்க பெரியம்மாவுக்கு பெருங்குடல் கேன்சர்னு தெரிஞ்சப்போ அவங்க கேட்ட முதல் கேள்வி, "நான் என்னடா சாப்பிட்டேன், எனக்கு ஏன் இது?" இந்தக் கேள்விக்கு யாராலயும் ஒரு ஆள வெச்சு பதில் சொல்ல முடியாது. மேல சொன்ன எல்லாமே லட்சக்கணக்கான பேரக் கூட்டிப் பாத்து வந்த கணக்கு, செல்லு பிரியும்போது தானா நடக்குற பிழை, வயசு, பரம்பரை எல்லாம் இருக்கு, ஒழுங்கா சாப்பிட்டவங்களுக்கும் வருது. நோய் வந்தவங்களப் பாத்து நீ இதைச் சாப்பிட்டதாலதான்னு சொல்றதுக்கு ஆராய்ச்சி யாருக்கும் உரிமை குடுக்கல.

அதவிட மோசம், பாக்க வந்த சொந்தக்காரங்க ஆளுக்கு ஒரு லிஸ்ட் குடுத்துட்டுப் போனாங்க, சர்க்கரைய நிறுத்து, பால நிறுத்து, வெறும் ஜூஸ்ல இரு. கீமோ நடக்கும்போது வாய்ப்புண்ணும் குமட்டலுமா அவங்க சாப்பிடுறதே நாலு வாய், அதையும் பயத்துல குறைச்சு எடை சரசரன்னு இறங்கிடுச்சு, கடைசில டயட்டீஷியன்தான் கூப்பிட்டு உக்கார வெச்சு, இப்ப உங்களுக்கு புரதமும் கலோரியும்தான் வேணும், எடை குறைஞ்சா மருந்தோட டோஸையே குறைக்க வேண்டி வரும்னு புரிய வெச்சாங்க. தடுக்குறதுக்கான சாப்பாடு வேற, சிகிச்சைல இருக்குறவங்களுக்கான சாப்பாடு வேற. அதனால தெரிஞ்சவங்க யாராவது ட்ரீட்மெண்ட்ல இருந்தா அந்த ஃபார்வர்ட அவங்களுக்கு அனுப்பாதீங்க. பாக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு எது உள்ள இறங்குதுன்னு கேளுங்க, ஐஸ்கிரீம்னு சொன்னா, டாக்டர் வேணாம்னு சொல்லியிருந்தாத் தவிர, ஐஸ்கிரீமே வாங்கிட்டுப் போங்க.